டிப்பர் பாடிக்கு லைனர்: இரும்புத் தகடா, பாலி ஷீட்டா?

பரமத்தி டிப்பர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் பத்துச் சக்கர டிப்பர் ஒன்று இருக்கிறது. வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பாடி 16 கன மீட்டர், உள்ளளவு 4.8 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம். க.பரமத்தி பக்கத்து கிரஷர்களிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக் காங்கேயம், திருப்பூர் பக்கம் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் முக்கியமான ஓட்டம். கட்டட வேலை மந்தமாகும் மாதங்களில் குவாரிக் குழியிலிருந்து கிரஷருக்குச் சக்கை (உடைக்காத பெருங்கல்) அடிக்கவும் வண்டியை விடுவதுண்டு.

இப்போது இரண்டு தொல்லைகள் சேர்ந்து வந்திருக்கின்றன. முதலாவது, அடித்தகடு தேய்ந்துவிட்டது. காலி வண்டியில் சுத்தியலால் தட்டினால் பின் டோர் பக்கம் எழும் ஓசையே வேறாக இருக்கிறது. இரண்டாவது, கழுவிய எம்-சாண்டை ஏற்றினால் முன்பக்க மூலைகளில் அப்பிக்கொண்டு, ஜாக்கியை (பாடியைத் தூக்கும் ஹைட்ராலிக்) முழுவதும் தூக்கினாலும் இறங்குவதில்லை. போன ஐப்பசி மழையில் ஒரு நாள் ஐயம் வந்து, கொட்டிய பிறகு வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பார்த்தேன். 11,480 கிலோ காட்ட வேண்டிய வெறும் வண்டி 12,060 காட்டியது. 580 கிலோ மணல், அதாவது ஏறக்குறைய 12 கன அடி, வாங்கியவருக்குப் போய்ச் சேராமல் என்னோடு திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு நடை என்றால் டீசல் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். வாங்கியவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது அதைவிடக் கடினம்.

பட்டறையில், இருக்கிற தகட்டின் மேலேயே 6 மி.மீ. சாதாரண இரும்புத் தகட்டைப் போர்த்தி வெல்டிங் அடித்துவிடலாம் என்கிறார்கள். லைனர் (பாடியின் உட்பக்கம் போர்த்தும் காப்புத் தகடு) விற்கும் ஒருவர் 12 மி.மீ. பாலி ஷீட் (பாலிஎத்திலின் பிளாஸ்டிக்) போட்டால் மணல் ஒரு பிடிகூட ஒட்டாது என்று அடித்துச் சொல்கிறார். நண்பர் ஒருவர் 4 மி.மீ. ஹார்டாக்ஸ் (எளிதில் தேயாத கடின எஃகுத் தகடு) போதும் என்கிறார். மூவரும் தத்தம் பொருளைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது, போட்ட பிறகு எப்படிப் பராமரிப்பது என்று விளக்கினால் உதவியாக இருக்கும்.

நாமக்கல் பாடி பட்டறை

வணக்கம் நண்பரே. நீங்கள் இரண்டு தொல்லைகளைச் சொல்லிவிட்டு ஒரே மருந்தைக் கேட்கிறீர்கள். தேய்மானம் வேறு, ஒட்டல் வேறு. தேய்மானத்திற்குக் கடினமான பரப்பு வேண்டும். ஒட்டலுக்கு வழுக்கும் பரப்பு வேண்டும். இரண்டும் ஒரே பொருளில் கிடைப்பது அரிது. எனவே முதலில் வண்டியில் ஏறுவது என்ன என்பதிலிருந்து தொடங்குவோம்.

நம் பக்கத்துக் கருங்கல்லில் குவார்ட்ஸ் உண்டு. அது எந்தத் தகட்டைவிடவும் கடினமானது. ஆகவே எதைப் போட்டாலும் தேயத்தான் செய்யும். எவ்வளவு மெதுவாக என்பதுதான் கேள்வி. சாதாரண இரும்புத் தகட்டின் பிரினெல் கடினம் (கடினத்தை அளக்கும் ஓர் அளவு) 120 முதல் 150 வரை இருக்கும். ஹார்டாக்ஸ் 450 என்பதில் அது 425 முதல் 475 வரை. இதைப் பார்த்து ஆயுளும் அப்படியே மூன்று மடங்காகிவிடும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். கல்லின் வகை, ஈரம், கொட்டும் விதம் எல்லாம் சேர்ந்துதான் ஆயுளைத் தீர்மானிக்கும். ஆனால் 4 மி.மீ. ஹார்டாக்ஸ், 6 மி.மீ. சாதாரணத் தகட்டைவிடக் கூடுதல் நாள் நிற்கும் என்பதைப் பட்டறையில் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

அடுத்தது எடை. உங்கள் அடித்தளம் ஏறக்குறைய 11 சதுர மீட்டர். இரும்பு, ஒரு மி.மீ. தடிப்புக்குச் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. அந்தக் கணக்கில் 6 மி.மீ. போர்த்தினால் சுமார் 520 கிலோ; 4 மி.மீ. என்றால் 345 கிலோ, 12 மி.மீ. பாலி ஷீட் 125 கிலோவைத் தாண்டாது. மணல் ஒட்டுவதால் 580 கிலோ வீணாகிறது என்று வருந்துகிறீர்கள். பட்டறைக்காரர் சொல்வதைச் செய்தால் அதே எடையை நிரந்தரமாகவே பாடியில் ஒட்டிக்கொள்வீர்கள். 2019 திருத்தத்திற்குப் பிறகு மிகைபாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்றாகிவிட்ட நிலையில், லைனரில் ஏறும் ஒவ்வொரு கிலோவையும் லோடிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

சக்கை அடிக்கும் வண்டியில் பாலி ஷீட் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வழுக்கிக்கொண்டு போகும் மணலுக்கும் சாம்பலுக்கும் அதைப் போன்ற பொருள் இல்லைதான். ஆனால் பொக்லைன் வாளியிலிருந்து விழும் கூர்முனைக் கல் அதைக் குத்திக் கிழித்துவிடும். கிழிந்த இடத்தில் தூள் உள்ளே போகும். போன தூள் ஷீட்டை அடியிலிருந்து நெம்பும். ரப்பர் லைனர் அடியைத் தாங்கும், சத்தத்தையும் குறைக்கும். அது சுரங்கத்தில் ஓடும் பெரிய டம்பர்களுக்கு ஏற்றது. நம் அளவு வண்டிக்கு எடையும் விலையும் கட்டுப்படியாகாது. பிக்கப் வண்டிகளுக்குத் தெளித்துப் பூசும் பாலியூரியாவை ஜல்லிக்கு நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

இனி ஒட்டலுக்கு வருகிறேன். மணல் பரப்பில் ஒட்டுவதைவிட மூலையில்தான் அதிகம் ஒட்டுகிறது என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். அடித்தகடும் முன்சுவரும் பக்கச்சுவரும் செங்கோணமாகச் சேரும் இடத்தில் ஈரமணல் மூன்று பக்கமும் பிடித்துக்கொள்கிறது. அந்த மூலைகளில் 200 மி.மீ. அகலச் சாய்தகட்டை 45 பாகையில் வைத்து அடைத்துவிட்டால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். அரைவட்ட அடி வைத்த பாடிகளில் மணல் நிற்காமல் இறங்குவதற்கும் மூலை இல்லாததே காரணம். சாய்தகட்டின் பின்னே உருவாகும் பொந்தைச் சுற்றிலும் இடைவெளியின்றி வெல்டிங் செய்து மூட வேண்டும். நீர் புகுந்தால் உள்ளிருந்தே அரித்துவிடும். லைனர் வாங்க நினைக்கும் பலர் இந்தச் சிறு வேலையைச் செய்தபின் லைனரே வேண்டாம் என்று போய்விடுகிறார்கள். அதனால் எனக்கு நட்டம்தான், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. எதையும் முடிவு செய்வதற்கு முன் தடிப்பை அளந்து பாருங்கள். அல்ட்ராசோனிக் அளவி உள்ள பட்டறை கரூரிலேயே கிடைக்கும். துருவையும் பெயின்ட்டையும் கிரைண்டரால் நீக்கி, தகடு பளிச்சென்று தெரிந்த பிறகு அளக்க வேண்டும். முன், நடு, பின் என மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி. மொத்த லோடும் பின்பக்கத்தின் மேல்தான் வழுக்கிக் கடந்து போகிறது என்பதால் எண்கள் ஒன்றுபோல் இருக்கவே இருக்காது.

உப்பள ஓட்டம், தூத்துக்குடி

நாமக்கல் பட்டறைக்காரர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். என்னுடைய இரண்டு வண்டிகளும் உப்பும் ஈரச் சாம்பலும் மட்டுமே ஏற்றுபவை. இரண்டிலும் 10 மி.மீ. பாலி ஷீட்தான். உப்பு இரும்பைத் தின்னும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் காரணம் தேவைப்படாது.

ஆனால் முதல் வண்டியில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். ஷீட்டைப் பொருத்தியது மார்கழி மாதம், மாலை நேரம். பொருத்தியவர் அரை அடிக்கு ஒரு போல்ட் வீதம் நான்கு பக்கமும் இறுக்கிக் கொடுத்தார். உறுதியாக இருக்கிறது என்று நானும் மகிழ்ந்தேன். சித்திரை வெயில் வந்தபோது, காலியாக நிறுத்தி வைத்திருந்த வண்டியில் ஏறிப் பார்த்தால் ஷீட் முழுவதும் அலை அலையாக எழும்பி நின்றது. ஓர் அலையின் அடியில் என் முழங்கை வரை கை போயிற்று; உள்ளே ஈரச் சாம்பல் களிமண்போல் இறுகிக் கிடந்தது. அடுத்த மாதம் போல்ட் துளைகளிலிருந்து ஷீட் வரிசையாகக் கிழிந்தது.

பிறகுதான் கணக்குப் புரிந்தது. இந்தப் பாலிஎத்திலின் ஷீட் வெப்பத்தில் இரும்பைவிடப் பன்மடங்கு நீளும். 4.8 மீட்டர் ஷீட், 30 பாகை சூடேறினால் 25 மி.மீ. அளவுக்கு நீளும், அதே சூட்டில் இரும்புப் பாடி 2 மி.மீ.கூட நீளாது. நான்கு பக்கமும் பூட்டிவிட்டால் அந்த ஓர் அங்குலம் எங்கே போகும்? மேலே எழும்பத்தான் செய்யும். இரண்டாவது வண்டியில் முன்விளிம்பை மட்டும் உறுதியாகப் பிடித்து, பக்கங்களில் நீள்துளை இட்டு, பின் டோர் பக்கம் எதையும் பூட்டாமல் விட்டோம். எட்டாவது ஆண்டு ஓடுகிறது.

பரமத்தி டிப்பர்

இருவருக்கும் நன்றி. நாளை மறுநாள் தடிப்பை அளக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். இடையில் ஒரு சந்தேகம். சாலை வேலைக்குத் தார்க் கலவை ஏற்ற எப்போதாவது வாடகைக்குக் கேட்கிறார்கள். பாலி ஷீட் போட்டிருந்தால் அதற்கு விடலாமா? ஷீட்டின் விளிம்புகளை எப்படிப் பிடிப்பது என்பதையும் சற்று விரிவாகச் சொன்னால் நல்லது.

உப்பள ஓட்டம், தூத்துக்குடி

தார்க் கலவைக்கு விடவே கூடாது. ஆலையிலிருந்து வரும் கலவையின் சூடு 140 பாகைக்கு மேல் இருக்கும். இந்த ஷீட் 130 பாகையை ஒட்டியே உருகத் தொடங்கும், 80 பாகையைத் தாண்டினாலே வலுவிழக்கும். சூடு தாங்கும் வகை ஷீட் தனியாக வருகிறது. உங்களுக்கு விற்பது அந்த வகையா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரும்புப் பாடியில் தார் ஏற்றினாலும், ஒட்டாமல் இருக்க டீசலைத் தெளிக்கும் வழக்கத்தை விடுங்கள். டீசல் தாரைக் கரைத்துக் கலவையைக் கெடுக்கிறது.

விளிம்பு விஷயம். முன்சுவரில் ஷீட் ஓர் அடியாவது மேலேறி நிற்க வேண்டும். அந்த மேல்விளிம்பின் மீது 50 மி.மீ. அகலப் பட்டை இரும்பை முழு நீளத்துக்கும் வைத்துப் பூட்டி, பட்டைக்கு மேலே உள்ள இடுக்கைச் சாய்வான வெல்டிங்காலோ கோண இரும்பாலோ மூடிவிடுங்கள். லோடு விழும்போது தூள் நுழைவது இந்த இடுக்கின் வழியாகத்தான். பக்கச்சுவரின் மேல்விளிம்புக்கும் இதே முறைதான், ஆனால் போல்ட் நிற்கும் துளை நீளவாக்கில் இருக்க வேண்டும். போல்ட்டின் தலை ஷீட்டின் பரப்புக்குக் கீழே இறங்கி இருக்கட்டும். மேலே நீட்டிக்கொண்டிருந்தால் இறங்கும் ஜல்லி அதைப் பிடித்து இழுத்துவிடும். அடித்தளத்தின் நடுவே போல்ட் போடாமலிருப்பதே நல்லது. ஷீட்டை ஒரே துண்டாக வாங்குங்கள். விலை சற்றுக் கூடினாலும் குறுக்கு இணைப்பு இல்லாமல் போவது பெரிய நிம்மதி.

பராமரிப்பு என்று தனியாகப் பெரிதாக இல்லை. மாதம் ஒருமுறை கழுவிவிட்டு, போல்ட்களைத் தட்டிப் பார்த்து, தளர்ந்ததை மாற்றுவேன். உப்பு ஓட்டம் என்பதால் எங்களுடையவை துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்கள். ஆண்டுக்கு ஒருமுறை, எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) வேலையோடு சேர்த்து, பின் பக்கத்தை நெம்பித் தூக்கி அடியில் ஈரமோ துருவோ இருக்கிறதா என்று பார்ப்போம். ஷீட் போடுவதற்கு முன்பே அடித்தகட்டுக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடித்துவிட வேண்டும். அதைத் தவறவிட்டால் மேலே ஷீட் மின்னிக்கொண்டிருக்கும், கீழே தகடு பொடிந்துகொண்டிருக்கும்.

ஓட்டுநர், சங்ககிரி

26 ஆண்டுகளாக டிப்பர் ஓட்டுகிறேன். முதலாளிகளும் பட்டறைக்காரர்களும் பேசிவிட்டீர்கள். ஸ்டியரிங் பிடிப்பவன் தரப்பையும் கேளுங்கள், தம்பி.

பாலி ஷீட் போட்ட வண்டியை முதன்முதலில் ஓட்டியபோது பழைய கையோடே ஜாக்கியைத் தூக்கினேன். வழக்கமாக 45 பாகையை நெருங்கும்போதுதான் லோடு அசையும். அன்று 30 பாகைக்கே மொத்த மணலும் ஒரே மூச்சில் பின்னால் வந்து நின்றது. பின் டோரின் கொக்கி இன்னும் முழுதாக விடுபடவில்லை. டோர் வளைந்ததோடு போயிற்று. முன் சக்கரம் மண்ணைவிட்டு ஒரு கணம் எழுந்து அமர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. ஆகவே ஷீட் போட்டால் ஓட்டுநரிடம் சொல்லுங்கள்: டோர் திறந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பாடியைத் தூக்க வேண்டும், மெல்லத் தூக்க வேண்டும்.

அதே சமயம், ஒட்டும் பாடி அதைவிட ஆபத்தானது என்பதையும் மறுக்கவில்லை. ஒரு பக்க மணல் இறங்கி மறுபக்க மணல் மேலேயே நின்றுவிட்டால், உயரத்தில் தூக்கிய பாடி அந்தப் பக்கமாகச் சாயும். தரை சற்றுச் சரிவாக இருந்தாலும் வண்டி கவிழ்ந்துவிடும். ஒட்டியதை உதறுவதற்காகத் தூக்கிய பாடியோடு வண்டியை முன்னே இழுத்துச் சட்டென்று பிரேக் அடிப்பார்கள். ஜாக்கியும் அதைப் பிடித்திருக்கும் பின் (pin) ஆணியும் கெடுவது இதனால்தான். பாடி தூக்கிய நிலையில் உள்ளே ஏறிச் சுரண்டுவதை எந்த முதலாளி சொன்னாலும் செய்யக் கூடாது. இறக்கிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, மரக்கட்டை பிடித்த மண்வெட்டியால் சுரண்ட வேண்டும். கடப்பாரையை எடுத்தால் பாலி ஷீட்டில் பள்ளம் விழும். பிறகு அந்தப் பள்ளத்தில்தான் முதலில் மணல் ஒட்டும்.

சக்கை அடிக்கும் நாளில் நாங்கள் செய்யும் ஒன்று: முதல் வாளியாகக் கிரஷர் டஸ்ட்டைப் பரப்பச் சொல்வோம். அரையடி டஸ்ட் மேல் கல் விழுந்தால் தகடு அடி வாங்காது. முதல் இரண்டு வாளிக் கல்லைத் தாழ இறக்கி வைக்கச் சொல்லிப் பொக்லைன் ஆபரேட்டருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால், அது எந்த லைனரையும்விட மலிவு.

பரமத்தி டிப்பர்

அண்ணன் சொன்ன டஸ்ட் யோசனையை நேற்றே தொடங்கிவிட்டோம். தடிப்பையும் அளந்தாயிற்று. வாங்கும்போது அடித்தகடு 6 மி.மீ. இப்போது முன்பக்கம் 5.6, நடுவில் 4.4, பின் டோரை ஒட்டிய வரிசையில் 3.1, அதிலும் ஒரு புள்ளியில் 2.7 காட்டுகிறது. சக்கை ஓட்டத்தை முழுவதும் விட மனமில்லை; மாதத்துக்கு ஏழெட்டு நாள் அதுதான் கை கொடுக்கிறது. எனவே பாலி ஷீட் வேண்டாம், ஹார்டாக்ஸ் 4 மி.மீ. தகட்டை அடித்தளம் முழுவதும் போர்த்தி, முன்மூலைகளில் சாய்தகடு வைக்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

நாமக்கல் பாடி பட்டறை

சாய்தகடு சரி. போர்த்துவதைப் பற்றி மட்டும் மறுபடி யோசியுங்கள். 3 மி.மீ.க்குத் தேய்ந்த தகடு, புதிய தகட்டுக்கு அடித்தளமாக நிற்காது. மேலே போர்த்திவிட்டால் குறுக்குச் சட்டங்களை ஒட்டி அதில் விழும் விரிசல் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் வளரும். பின்பக்கத்தில் ஒன்றரை மீட்டர் நீளத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 6 மி.மீ. ஹார்டாக்ஸ் 450 தகட்டையே அடித்தகடாகப் பொருத்துங்கள். வெட்டுக்கோடு ஒரு குறுக்குச் சட்டத்தின் மேல் விழுமாறு அளவை முன்பின் நகர்த்திக்கொள்ளலாம். நடுவிலும் முன்னாலும் இருப்பது இன்னும் ஓராண்டேனும் ஓடும். அப்போது அளந்து பார்த்து முடிவு செய்யலாம். இப்படிச் செய்தால் கூடும் எடை, வெட்டி எடுத்த பழைய தகட்டைக் கழித்தால், 100 கிலோவுக்குள்தான். முழுவதும் போர்த்தினால் 345 கிலோ.

வேலை நடக்கும்போது அருகில் இருங்கள். இணைப்பில் புதிய தகட்டின் மேற்பரப்பு பழையதைவிட இம்மியளவும் உயர்ந்து நிற்கக் கூடாது. உயர்ந்தால் முன்னிருந்து வழுக்கி வரும் ஜல்லி அந்த விளிம்பில் முட்டி அதையே அரிக்கும். ஓடு வேய்வதுபோல, மேல்பக்கத் தகடு கீழ்பக்கத் தகட்டுக்குச் சற்று உயரமாக இருந்தால் குற்றமில்லை. ஹார்டாக்ஸை அளவுக்கு மீறிச் சூடாக்கக் கூடாது. 250 பாகையைத் தாண்டிய இடம் கடினத்தை இழந்துவிடும். எனவே கேஸ் கட்டரால் வெட்டிய விளிம்பை அப்படியே வைக்காமல் கிரைண்டரால் சற்றுத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு, அடுப்பில் காயவைத்த 7018 வகை எலக்ட்ரோடு (வெல்டிங் குச்சி) போதும். கடினப் பூச்சு எலக்ட்ரோடால் கோடு கோடாக இழுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். வாளிக்கு அது நல்லது. மணல் இறங்க வேண்டிய அடித்தளத்தில் ஒவ்வொரு கோடும் ஒரு வரப்பு.

வெல்டிங் தொடங்குமுன் பேட்டரியின் இரு முனைகளையும் கழற்றி, என்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். எர்த் கிளாம்பைச் சேசிஸில் எங்கோ மாட்டாமல், வெல்டிங் நடக்கும் தகட்டிலேயே அருகில் மாட்டச் சொல்லுங்கள். எங்கோ மாட்டினால் மின்சாரம் ஜாக்கி வழியாகவும் பின் ஆணி வழியாகவும் சுற்றிப் போய் அவற்றைப் பொசுக்கிவிடும். வேலை முடிந்ததும் வெறும் வண்டியை எடைமேடையில் ஏற்றிப் புதிய எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஐப்பசியில் எவ்வளவு மணல் திரும்பி வருகிறது என்பதை அந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும், 11,480-ஓடு அல்ல.